முள் தானாக இறங்கினால்

அப்பு, உன் அம்மா எழுதுகிறேன். நேற்று மாலை நீ தொலைபேசியில் பேசியபோது, "சரிப்பா, பாத்து வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கூடத்தில் உன் அப்பாவோடு பக்கத்து வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் கேட்கிற இடத்தில் மனதில் இருப்பதைச் சொல்ல எனக்கு இந்த வயதிலும் வாய் வருவதில்லை. வைத்த பிறகு அடுப்படிக்குப் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. காலையில் எழுந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். இது வியாழக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் இப்போது என் வேண்டுதல்.

நீ புதிதாக வாங்கியிருக்கும் பழைய காரில் சூடு காட்டுகிற முள் ஏறி ஏறி இறங்குகிறது என்றாய். வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு மருமகளை அந்தக் காரிலேயே கோயம்புத்தூரிலிருந்து கூட்டிவருகிறேன் என்றும் சொன்னாய். ஏன் ஏறுகிறது என்று கேட்டேன். நீ சிரித்தாய். "ஏறும்மா, ஆனா தானா எறங்கிருது. ஒண்ணும் ஆகாது." ஏறுகிறது என்று நீ சொன்னபோது எனக்கு அவ்வளவு பயமில்லை. தானாக இறங்கிவிடுகிறது என்றாயே, அதற்குத்தான் பயந்தேன். ஏன் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. அந்தக் கதையை உன் அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் பூ வெந்து மணந்ததையும், ஜட்கா வண்டிக்காரர் கேலி பேசியதையும் சொல்லிச் சிரித்துவிட்டு முடித்துவிடுவார். எனக்கு அந்தக் கதையில் சிரிக்கிற இடம் அதிகம் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். அகரத்தில் என் அண்ணன், உன் மாமா, பூத்தோட்டம் வைத்திருந்தார். நான் மதுரையில் பி.எஸ்ஸி. முடித்துத் திரும்பியபோது, இனி இவள் பெரிய பேச்சுக்காரி ஆகிவிடுவாள் என்று ஊரில் நினைத்தார்கள். நானோ வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லவே கூச்சப்படுகிறவள். பேசாதவர்களுக்குப் பார்ப்பது ஒன்றுதான் வேலை. கல்யாணமாகி நத்தம் சாலையில் இருந்த உன் அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். வாசலில் நின்ற உன் அப்பாவின் கறுப்புக் காரை அப்படித்தான் பார்த்துப் பழகினேன். அது எத்தனை கை மாறி வந்ததோ தெரியாது. சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் அதுதான் மாப்பிள்ளை கார். காலையில் கோலம் போடப் போனால், கார் நின்ற இடத்தில் முன்சக்கரங்களுக்கு நடுவே மண் ஈரமாக இருக்கும். ஈரத்தின் ஓரம் துருப்பிடித்த நிறத்தில் காய்ந்திருக்கும். உன் அப்பா ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு, "நல்லாத் தண்ணி குடிக்கிற வண்டி" என்பார், பால் மாட்டின் தீனியைப் பற்றிப் பெருமைப்படுவது போல. முள் ஏறி இறங்குவதும் அவருக்குப் பழகிவிட்டது. "அதுக்கு அப்படி ஒரு சுபாவம்" என்பார். வண்டிக்குச் சுபாவம் கிடையாது, அப்பு. அது எதையோ இழந்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

எனக்கு வளைகாப்பு போட்டது சித்திரை வெயிலில். வயிற்றில் நீ. அண்ணன் என்னை அகரத்துக்குக் கூட்டிப்போக வந்தவர், வெறுங்கையோடு வரவில்லை. செண்டுப்பூவும் கோழிக்கொண்டையும் மரிக்கொழுந்தும் வைத்து, வாழைநாரில் இறுக்கிக் கட்டிய ஒரு மாலையை இரண்டு ஆள் தூக்கிவரச் செய்தார். தொடைப் பருமன் இருக்கும். அதைக் காரின் ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கு வரை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டு, வாடாமல் இருக்கத் தண்ணீரும் தெளித்தார். காரின் முகத்தில் கம்பி போட்ட வாய் இருக்கிறதே, காற்று உள்ளே போகிற இடம், அது முழுக்க மூடிவிட்டது. "என்ன அகரத்தாரே, காருக்குக் கல்யாணமா, எங்க புள்ளைக்கு வளைகாப்பா?" என்று உன் பெரியத்தை கேட்டார். உன் அப்பாவின் அக்கா அவர், தம்பியைத் தூக்கி வளர்த்தவர். "மதினி, எங்க வீட்டுப் பொண்ணு வருதுன்னு தாடிக்கொம்புல இருந்தே தெரியணும்ல" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பூவின் மேல் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

ஏறும்போது பெரியத்தை ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னார். வளையல் போட்டுப் புறப்பட்ட பிள்ளைத்தாய்ச்சி நடுவழியில் நிற்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. அம்மா வீட்டு வாசற்படியில் போய்த்தான் இறங்க வேண்டும். அவருடைய தங்கை ஒருத்தி அப்படிப் புறப்பட்டு, வழியில் வண்டி அச்சு முறிந்து மணிக்கணக்கில் நின்று, பிறகு பிரசவத்தில் பிழைக்கவில்லை. அந்த அச்சு முறிந்ததற்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று அவரிடம் யார் சொல்ல முடியும்? "ஏலே தம்பி, எது வந்தாலும் நிக்கப்படாது, கேட்டியா?" என்று உன் அப்பாவின் தோளைத் தட்டினார். உன் அப்பா தலையாட்டினார். அவர் ஓட்ட, அண்ணன் முன்னால் உட்கார, நானும் பெரியத்தையும் பின்னால் உட்கார்ந்து புறப்பட்டோம்.

இரண்டு பேர் தோளுக்கும் நடுவே எனக்கு அந்த முள் தெரிந்தது. நான் வேறு எதையும் பார்க்கவில்லை. கார் வேகமாகப் போனால் காற்று பட்டுச் சூடு குறையும், அதுதான் வழக்கம். அன்றைக்கு வேகம் கூடக் கூட முள் ஏறியது. ஒரு வளைவில் மாலை ஒதுங்கி ஆடியபோது கொஞ்சம் இறங்கியது. நேர்ச்சாலையில் மாலை மறுபடி வந்து ஒட்டிக்கொண்டதும் ஏறியது. உன் அப்பாவும் அதைப் பார்த்தார். ஒரு விரலால் முள்ளின் மேலிருந்த கண்ணாடியைத் தட்டினார். "ஏறி எறங்குது மச்சான். பழக்கந்தான்." அண்ணன், "வெயிலு அம்புட்டு அடிக்குதுல்ல மாப்ள" என்றார். அந்தப் பூ காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அண்ணன் ஊரெல்லாம் பார்க்கக் கட்டிய பூ. அதை அவிழ்க்க வேண்டுமென்றால் நிற்கவும் வேண்டும். நான் வயிற்றில் கை வைத்துக்கொண்டேன். நீ உள்ளே உதைத்துக்கொண்டே இருந்தாய்.

நாகல் நகர் ரயில்வே கேட் மூடியிருந்தது. இங்கேதான் எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தோம். நிற்கக் கூடாது, ஆனால் கேட் மூடியிருக்கிறது. பெரியத்தையே வழி கண்டுபிடித்தார். "எஞ்சினை அமத்தாதலே. அது ஓடிக்கிட்டு இருந்தா நின்ன கணக்கு இல்ல." உன் அப்பாவுக்கும் அது சரியாகப் பட்டது. எஞ்சினை ஓடவிட்டு, சாண் சாணாகக் காரை முன்னால் உருட்டினார். உருட்ட இடம் தீர்ந்ததும் காலால் மிதித்து உறுமவிட்டுக்கொண்டே இருந்தார். சரக்கு ரயில் ஒன்று நிலையத்திலிருந்து புறப்பட மனமில்லாமல் புகைவிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் எஞ்சினுக்குள் அனல். காற்று நுழைய வழியில்லை, தண்ணீரும் ஏற்கெனவே குறைந்திருக்கும். முள் கடைசிக் கோட்டைத் தொட்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல் நடுங்கியது. மாலைக்குள்ளிருந்து வெள்ளையாக ஆவி கசிந்தது. மரிக்கொழுந்து வெந்த மணம் கார் முழுக்கப் பரவியது. பக்கத்தில் நின்ற ஜட்கா வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சாமி, கார் மூஞ்சிக்கு உள்ள சாம்பிராணி போட்டுருக்கீகளா? இம்புட்டு மணக்குது!" என்றார். அண்ணன் பதிலுக்கு, "வேணும்னா குதிரைக்கும் செத்த நேரம் காட்டிட்டுப் போங்க" என்றார். பெரியத்தைகூடச் சிரித்துவிட்டார். உன் அப்பாவின் பிடரியில் வியர்வை வழிந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கேட் திறந்தது. ஊரைத் தாண்டி, தாடிக்கொம்பு வழியாக அகரம் போகிற சாலையில் கார் வேகம் எடுத்தது. அப்போதுதான் அது நடந்தது. முள் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, யாரோ விரலால் கீழே தள்ளியது போல. கொதிநிலைக் கோட்டிலிருந்து குளிர்ந்த பக்கம் வரைக்கும் இறங்கி, அங்கேயே படுத்துவிட்டது. உன் அப்பா மூச்சு விட்டார். "பாத்தீகளா? காத்துப் பட்டதும் எறங்கிருச்சு." அண்ணன் தொடையில் தட்டினார். பெரியத்தை "பெருமாளே" என்று கைகூப்பினார். காருக்குள் எல்லாரும் நிம்மதியான அந்த நிமிடத்தில் நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் நீயும் நின்றுவிட்டிருந்தாய். கேட்டில் அத்தனை உதை உதைத்த பிள்ளை, இப்போது ஓர் அசைவும் இல்லை. நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என் பாதத்துக்குக் கீழே தரை சுட்டது. முள்ளோ குளிர்ச்சி என்று காட்டுகிறது.

காரணத்தையெல்லாம் பிறகு யோசித்துக் கண்டேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கொதிக்கிற நீரில் வைத்த வெப்பமானியைக் கொஞ்சம் மேலே தூக்கினால் பாதரசம் இறங்கும். நீர் ஆறிவிட்டதால் அல்ல, குமிழ் நீரை விட்டு வெளியே வந்துவிட்டதால். காரிலும் அப்படித்தான். சூட்டை அளக்கிற குமிழைச் சுற்றித் தண்ணீரே இல்லை. அளக்க ஒன்றும் மிச்சமில்லாததால் முள் படுத்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பாடமும் ஞாபகமில்லை, பட்டமும் ஞாபகமில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய உலை இத்தனை சீக்கிரம் ஆறாதே என்ற ஒரே எண்ணம்தான். அதற்கும் மேலே பயம். வெறும் பயம்.

"நிறுத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கார் போய்க்கொண்டிருந்தது. மறுபடி, "ஏங்க, வண்டிய நிறுத்துங்க" என்றேன். இப்போது பெரியத்தை திரும்பினார். "ஏத்தா, என்ன பேச்சுப் பேசுற? இன்னும் வாசப்படி போய்ச் சேரல. வாய மூடு." உன் அப்பா, "அதான் எறங்கிருச்சே, பெறகென்ன?" என்றார். எஞ்சினுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் தொடங்கியிருந்தது. நான் கதவின் பிடியில் கை வைத்து, "நிறுத்தலைன்னா நான் குதிச்சிருவேன்" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல் முறை. அண்ணன் பதறித் திரும்பி என் முகத்தைப் பார்த்தவர், "மாப்ள, நிறுத்துங்க" என்றார். உன் அப்பா சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கிச் சாவியைத் திருப்பினார்.

சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் நிற்கவில்லை, அப்பு. அது உனக்குத் தெரியுமா? உள்ளே அத்தனை சூடு ஏறிப்போனால் அணைத்த பிறகும் தானாகவே கொஞ்ச நேரம் உதறிக்கொண்டு ஓடும். உன் அப்பா சாவியைக் கையில் எடுத்தே வைத்துக்கொண்டிருந்தார், கார் குலுங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் குலுக்கல் என் முதுகில் இன்னும் இருக்கிறது. நின்றதும் அண்ணன் ஓடிப்போய்த் தன் கையாலேயே அந்த மாலையைப் பிய்த்து எறிந்தார். பூ வெந்து கறுத்திருந்தது. எஞ்சினுக்கு மேலிருந்த தகட்டைத் தூக்கி, தோளில் கிடந்த துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். "தொடாதண்ணே! ஆவி அடிக்கும்!" என்றேன். பக்கத்துத் தென்னந்தோப்புக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து எஞ்சின் மேல் ஊற்றப் போன உன் அப்பாவையும் தடுத்தேன். காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். "ஆறட்டும். ஒண்ணும் செய்யாதீக. ஆறட்டும்." அந்த ஆண்கள் இரண்டு பேரும் நான் சொன்னபடி சும்மா நின்றார்கள். அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அதன்பின் காத்திருந்தோம். கார் டிக் டிக் என்று இரும்பு சுருங்குகிற சத்தத்தோடு ஆறிக்கொண்டிருந்தது. அவர்கள் மூவரும் காருக்காகக் காத்திருந்தார்கள். நான் உனக்காகக் காத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம். ஆனால் பெரியத்தை என் கை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டார். கோபம் போய் அவர் முகம் வெளிறியது. பக்கத்தில் வந்து, "அசையலையா?" என்று உதடு மட்டும் அசையக் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். தன் தங்கையை நினைத்திருப்பார். என்னை மரநிழலில் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, எஞ்சினுக்கென்று கொண்டுவந்த வாளியிலிருந்து தண்ணீரை மொண்டு என் வாயில் ஊற்றினார், நெற்றியைத் துடைத்தார். பிறகு புது வளையல் நிறைந்த என் கையைப் பிடித்து வயிற்றருகே வைத்து மெல்லக் குலுக்கினார். நிறுத்தினார். மறுபடி குலுக்கினார். கேட்டுப் பார், கேட்டுப் பார் என்று உன்னிடம் சொல்வது போல. எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. விலா எலும்புக்குக் கீழே ஓர் உதை விழுந்தது. அவர் கை அதன் மேல் இருந்தது. "கழுதப்பய" என்று சொல்லிவிட்டுப் பெரியத்தை ஓவென்று அழுதார்.

அழுகை அடங்கியதும் அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். மடியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து அந்தப் புளியமரத்தின் அடியிலேயே எனக்குப் பொட்டு வைத்தார். "இங்க இருந்துதான் பொறப்படுறோம். நின்னதெல்லாம் கணக்கு இல்ல" என்றார். வழக்கத்தை உடைக்கவில்லை, புறப்படுகிற இடத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டார். உன் அப்பாவைப் பார்த்து, "ஏலே, இனிமே இந்த மொகரைல பூவக் கட்டுன, பாத்துக்க" என்றார். தேங்காய் ஏற்றிவந்த மாட்டு வண்டியில் நாங்கள் அகரம் போனோம். காரைப் பிறகு கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பிரித்துப் பார்த்தபோது எஞ்சினின் இரண்டு பாகங்களுக்கு நடுவே இருக்கும் கேஸ்கெட் எரிந்து, இரும்பே வளைந்திருந்ததாம். கசிந்தது ஒரு ரப்பர்க் குழாயின் வெடிப்பிலிருந்துதான். தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாரே, அந்த இடம்.

இப்போது உன் காருக்கு வருகிறேன். முள் எப்போது ஏறுகிறது என்று முதலில் கவனி. கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது மட்டும் ஏறினால் விசிறியையும் அதன் பெல்ட்டையும் பார்க்கச் சொல். வேகத்தில் போகும்போது ஏறினால் காற்று நுழையும் வழி அடைத்திருக்கிறதா, ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்திருக்கிறதா, தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ரேடியேட்டரின் மேல் குழாய் சுட்டு, கீழ்க் குழாய் குளிர்ந்தே இருந்தால் சூடேறினால் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம். குழாயைத் தொட்டுப் பார்ப்பது எஞ்சினை அணைத்து, விசிறி நின்ற பிறகு. தண்ணீர் மாற்றிய பின் காற்று உள்ளே மாட்டிக்கொண்டாலும் முள் இப்படி ஆடும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் தரையில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார், குனிவதில் வெட்கமில்லை. ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திற. எண்ணெய் அளக்கும் கம்பியை எடுத்துப் பார்த்து, எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது, அந்தக் காரை ஓட்டவே ஓட்டாதே. இதில் எதையும் செய்ய நேரமில்லை என்றால் வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ரயிலில் வாருங்கள். பழநி, ஒட்டன்சத்திரம் வழியாக அத்தனை தூரம் வெயிலில் அவளை அந்த முள்ளை நம்பிக் கூட்டிவராதே. யார் காரின் முன்னால் எதைக் கட்டச் சொன்னாலும் அம்மா வேண்டாம் என்றாள் என்று சொல்லிவிடு. பழி என் மேல் இருக்கட்டும்.

இதை எழுதும்போது உன் அப்பா தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தார். "ஏன் இதெல்லாம் எழுதுற? பய பயந்துருவான்" என்றார். பயப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். பிள்ளைகளைத் தைரியமாக இரு என்று சொல்லித்தான் எல்லாரும் அனுப்புகிறார்கள். நான் உன்னைப் பயப்படு என்கிறேன். அன்றைக்கு அந்தக் காரில் தைரியமாக இருந்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் என் மேல் உயிர். பூவும், வழக்கமும், சுபாவம் என்ற சமாதானமும் எல்லாம் அன்பாகத்தான் வந்தன. உன்னைப் பற்றி நினைத்துப் பயந்தவள் நான் ஒருத்திதான், அதனால்தான் கார் நின்றது.

இன்னும் ஒன்று. மருமகளை நான் கவனித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டால் ஒன்றுமில்லை அத்தை என்பாள். அவள் பின்சீட்டில் உட்காரும் பெண். உனக்குத் தெரியாதது அவளுக்கு அங்கிருந்து தெரியும். அவள் குரல் சின்னது. எஞ்சின் சத்தத்தில், பாட்டுச் சத்தத்தில், நீ பேசுகிற பேச்சில் அது அமுங்கிப்போகும். நிறுத்து என்று அவள் சொன்னால், முள் எங்கே நின்றாலும், ஏன் என்று கேட்பதற்கு முன்னால் நிறுத்திவிடு. நான் மூன்று முறை சொன்னேன், மூன்றாம் முறை கதவில் கை வைத்துச் சொன்னேன். உன் காரில் அவள் இரண்டாம் முறை சொல்ல வேண்டி வரக் கூடாது.